போக்கரில் தொடர்ந்து தோற்கும்போது தலை சூடாகாமல் இருப்பது எப்படி?

போக்கர் ஆட ஆரம்பிப்பவர்கள் எந்தக் கை எதை அடிக்கும் என்று முதலில் கற்றுக்கொள்கிறார்கள், அப்புறம் எந்தச் சீட்டை வைத்து ஆடலாம், எதை ஆடாமல் கீழே போட்டுவிட வேண்டும் என்பதை. இதற்கெல்லாம் பாடம் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். வாரக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை, ஆனால் புதியவர்களின் பணத்தில் பெரும்பகுதி போவது அந்த வாரங்களில்தான். போக்கரின் ஒரு வகையான டெக்சாஸ் ஹோல்டெமின் விதிகள் ஓரளவு தெரிந்து, முதல் பெரிய சரிவில் மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பாகுபாடே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்கத் தடை போட்டிருக்கிறது. போக்கரும் அதில் அடக்கம். சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளத்தில் பணம் போட வழி தேடுபவர்கள் தயவுசெய்து அந்த வேலையை விட்டுவிடுங்கள், போட்ட பணம் திரும்ப வரும் என்பதற்கே அங்கே உத்தரவாதம் கிடையாது. கோவா கேசினோவிலோ, லண்டன், டொரண்டோ, லாஸ் வேகஸ் மாதிரி சட்டம் அனுமதிக்கிற ஊரிலோ ஆடுபவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நண்பர்களோடு காசில்லாமல் ஆடுபவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் உதவும்.

சீட்டு எடுத்த பணம், நீங்கள் கொடுத்த பணம்

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். 1/2 டாலர் மேசை (அதாவது இருவர் கட்டாயமாகக் கட்டும் ஸ்மால் பிளைண்ட் 1 டாலர், பிக் பிளைண்ட் 2 டாலர்), உங்கள் முன்னால் 200 டாலர், கையில் ஏஸ் ஜோடி. பந்தயத்தை 10 டாலருக்கு ஏற்றி ரெய்ஸ் செய்கிறீர்கள், பிக் பிளைண்டில் இருப்பவர் மட்டும் அதே தொகையைக் கட்டிக் கால் செய்கிறார், ஸ்மால் பிளைண்டின் 1 டாலரையும் சேர்த்தால் நடுவில் சேர்ந்த பணம், அதாவது பாட், 21. ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில், கிங், 8, 3 விழுகிறது. ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) வழியில்லாத போர்டு. நீங்கள் 15 போடுகிறீர்கள், அவர் கால் செய்கிறார், பாட் 51. நான்காவது சீட்டான டர்னில் 5. நீங்கள் 40 போட, அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மிச்சம் இருந்த 175 டாலரையும் நடுவில் தள்ளுகிறார். நீங்களும் கால் சொல்ல, அவர் திருப்பிக் காட்டுவது கிங்-குயின். கண்ணில் படாத சீட்டு இன்னும் 44 இருக்கிறது, அவரைக் காப்பாற்றக்கூடியவை இரண்டு கிங், மூன்று குயின், ஆக மொத்தம் 5. மற்ற 39-இல் எது வந்தாலும் பாட் உங்களுக்கு. டீலர் கடைசிச் சீட்டான ரிவரைத் திருப்புகிறார், குயின். 401 டாலர் எதிர்ப்பக்கம் போகிறது.

இந்தக் கையில் நீங்கள் செய்தது எல்லாமே சரி. இதே இடத்தில் திரும்பத் திரும்ப ஆடினால், கேசினோ எடுத்துக்கொள்ளும் பங்கான ரேக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நீங்கள் போடும் ஒவ்வொரு 200 டாலருக்கும் சராசரியாக 355 டாலர் திரும்ப வரும். இன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான். இந்தப் பணத்தைக் காப்பாற்ற உங்களிடம் வழி எதுவும் இருந்திருக்காது.

இனி அடுத்த இருபது நிமிடம் நடப்பதைப் பாருங்கள். இன்னொரு 200-ஐ எடுத்து வைக்கிறீர்கள். எல்லோருக்கும் முன்னால் முடிவெடுக்க வேண்டிய முதல் இடத்தில் இருக்கும்போது ஜாக்-9 வருகிறது. சாதாரண நாளில் பார்த்த உடனே போட்டுவிடும் சீட்டு, இன்றைக்கு 15 டாலருக்கு ரெய்ஸ். கால் செய்வது அதே கிங்-குயின் ஆசாமி. அவரைப் பார்த்ததும் ஃப்ளாப்பில் ஒன்றும் பொருந்தாவிட்டாலும் பணம் கட்டி அடிக்கிறீர்கள், டர்னில் அடிக்கிறீர்கள், ரிவரில் மிச்சத்தையும் தள்ளுகிறீர்கள். டாப் பேர் (போர்டின் பெரிய சீட்டோடு ஜோடி) வைத்திருக்கும் அவர் கால் செய்யாமல் எங்கே போகப்போகிறார்? முதல் 200-ஐ எடுத்தது சீட்டு. இரண்டாவது 200-ஐ நீங்களாகவே கையில் கொடுத்தீர்கள். வீட்டுக்குப் போய் "இன்று 400 போச்சு, என்ன ராசியோ" என்று சொல்லும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் முதல் வேலை. தோல்வித் தொடர் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, ஆனால் அதில் இரண்டாவது வகைப் பணம் எவ்வளவு என்பது முழுக்க உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

கணக்கை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்

தோற்கும்போது ஆத்திரம் வருவதற்குப் பாதிக் காரணம், "இவ்வளவு நாள் தோற்பது இயல்பே இல்லை" என்ற நம்பிக்கை. அது இயல்புதான். 100 கைக்குச் சராசரியாக 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், அவர் நல்ல ஆட்டக்காரர். நோ-லிமிட் ஹோல்டெமில் 100 கைக்குத் திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து விலகி அலையும் அளவு) ஏறக்குறைய 100 பிக் பிளைண்ட் வரை இருக்கும். இந்த இரண்டு எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டால், 10,000 கைகள் ஆடி முடித்த பிறகும் அவர் நஷ்டத்தில் இருக்க சுமார் 31 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அதாவது நன்றாக ஆடுகிற பத்துப் பேரில் மூன்று பேர். 1,00,000 கைகள் ஆடினால்கூட 5 முதல் 6 சதவீதம் பேர் கழித்தல் குறியில்தான் இருப்பார்கள். நேரடி மேசையில் மணிக்கு 30 கை போவதே பெரிய விஷயம், எனவே 10,000 கை என்பது 330 மணி நேரத்துக்கு மேல். வாரக் கடைசியில் மட்டும் 8 மணி நேரம் ஆடுபவருக்கு அது பத்து மாதம்! எதிராளிகள் ரொம்பச் சுமாராக இருந்தால் எண்கள் இதைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் "மூன்று வாரமாகத் தோற்கிறேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று கேட்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

டோர்னமெண்ட் இன்னும் மோசம். உலக அளவில் பெரிய போட்டியான வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் மெயின் ஈவென்ட்டிலேயே கலந்துகொள்பவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான் பரிசு கிடைக்கும். நீங்களும் 15 சதவீதம் பரிசுக்குள் வருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அடுத்த பத்துப் போட்டியிலும் வெறுங்கையோடு திரும்ப ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

இதோடு நம் மனதின் கோணலும் சேர்ந்துகொள்கிறது. ஒரே அளவு லாபம் தரும் சந்தோஷத்தைவிட அதே அளவு நஷ்டம் தரும் வலி பெரிது என்று டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள், கானமனுக்கு 2002-இல் பொருளாதார நோபல் கிடைத்ததற்கு அந்த ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம். போக்கரில் அது எப்படித் தெரியும் என்றால், ரிவரில் நம்மைக் கவிழ்த்த சீட்டு வருடக்கணக்கில் நினைவிருக்கும், நாம் அடுத்தவரை ரிவரில் கவிழ்த்தது மறுநாளே மறந்துவிடும். அதனால்தான் நினைவை நம்பாமல் எழுதி வைக்கச் சொல்கிறேன், அதற்குக் கீழே வருகிறேன்.

உட்காருவதற்கு முன்னாலேயே முடிக்க வேண்டியவை

தலை சூடான பிறகு நிதானமாக முடிவெடுக்கலாம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அந்த முடிவுகளை எல்லாம் வீட்டில், காப்பி குடித்துக்கொண்டு, யார் மேலும் கோபம் இல்லாத நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

பணம் முதலில். போக்கருக்கென்று தனியாக ஒரு தொகை இருக்க வேண்டும், அது மொத்தமாகப் போனாலும் வாடகை, பள்ளிக் கட்டணம், வீட்டுக்கு அனுப்பும் பணம் எதுவும் அசையக் கூடாது. சிப்பே நிஜப் பணமாக இருக்கும் கேஷ் ஆட்டத்துக்கு அந்தத் தொகையில் குறைந்தது 20 முதல் 40 பை-இன் (மேசையில் உட்காரும்போது கொண்டுபோகும் தொகை) இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு, டோர்னமெண்ட்டுக்கு 100-க்கு மேல். 200 டாலர் மேசையில் உட்கார 4,000 டாலராவது தனியாக இருக்க வேண்டும் என்றால் பலருக்கு மலைப்பாக இருக்கும், அப்படியென்றால் அந்த மேசை இப்போதைக்கு உங்களுக்குப் பெரியது. என்னைக் கேட்டால், மன அமைதியைப் பற்றிய மற்ற எல்லா அறிவுரையையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. மாதச் சம்பளத்தில் பாதியை மேசையில் வைத்துக்கொண்டு மூச்சைக் கவனித்து என்ன பயன்? 2009-இன் கடைசி மாதங்களில் இஸில்டூர்1 என்ற பெயரில் இணைய மேசைகளில் திடீரென்று தோன்றி, உலகின் பெரிய ஆட்டக்காரர்களோடு மோதி சில வாரங்களில் லட்சக்கணக்கான டாலர்களை அள்ளிய விக்டர் பிளோம், அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி பிரையன் ஹேஸ்டிங்ஸிடம் ஒரே நாளில் சுமார் 42 லட்சம் டாலர் தோற்றார். அந்த அளவு திறமை இருப்பவருக்கே ஏற்ற இறக்கம் இப்படித்தான் அடிக்கும்.

அடுத்தது நிறுத்தும் வரம்பு. இரண்டு பை-இன் போனால் எழுந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு நேர வரம்பும், நான்கு மணி நேரம் என்பது புதியவர்களுக்குப் போதும். நேர்மையாகச் சொன்னால், இந்த வரம்பால் உங்களுக்கு வரும் சீட்டு ஒன்றும் மாறிவிடாது, கணக்குப்படி இன்று ஆடாத கையை நாளை ஆடப்போகிறீர்கள். மாறுவது ஆடும் ஆள். இரண்டு பை-இன் தோற்றவர் ஆடும் ஆட்டமும், தூங்கி எழுந்து வந்தவர் ஆடும் ஆட்டமும் வேறு. வரம்பை ஒரு தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள், இரண்டு பை-இன்னுக்கான ரொக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஏடிஎம் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கேசினோவில் ஏடிஎம் எங்கே இருக்கிறது என்று தேடவே வேண்டாம், கண்ணெதிரே இருக்கும்.

தூக்கம், சாப்பாடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குடித்துவிட்டு ஆடாதீர்கள். வேகஸில் மேசைக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருவார்கள், தண்ணீர் கேட்டாலும் தருவார்கள்.

மேசையில், அந்த நிமிடத்தில்

டில்ட் (தோல்வியால் நிதானம் இழந்து ஆடுவது) என்றால் சிப்பை வீசி எறிந்து கத்துவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது கண்ணில் படும் வகை. என் பார்வையில் அதைவிட ஆபத்தானது சத்தமே இல்லாத வகை: இரண்டு முறை ரிவரில் அடிபட்டவர், மூன்றாவது முறை நல்ல கை வரும்போது பயந்து, பணம் கட்டாமல் செக் செய்கிறார், எதிராளி கால் செய்யத் தயாராக இருக்கும் இடத்தில் வாங்க வேண்டிய பணத்தை வாங்காமல் விடுகிறார், அடுத்தவர் சின்னதாக ஒரு அடி அடித்தாலும் "கண்டிப்பாக வைத்திருப்பான்" என்று சீட்டைப் போட்டுவிடுகிறார். வெளியே பார்த்தால் ரொம்ப அமைதியான மனிதர். உள்ளே ஆட்டம் சரிந்துகொண்டிருக்கிறது. ஆகவே உங்களுக்கு வருவது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். உடம்பு முன்னாலேயே சொல்லிவிடும்: காது சூடாகும், தாடை இறுகும், சிப்பை விரலில் உருட்டும் வேகம் கூடும், உங்கள் முறை வருவதற்கு முன்பே கை சீட்டை நோக்கிப் போகும். மனதில் ஓடும் வாக்கியத்தையும் கவனியுங்கள். "விட்ட இடத்தில்தான் பிடிக்கணும்" என்று உள்ளே குரல் கேட்டால் அன்றைக்கு எழுந்துவிடுவதுதான் நல்லது. "இவன்கிட்டயா தோற்பது" என்ற எண்ணமும் அதே வகைதான், அது வந்த பிறகு நீங்கள் ஆடுவது மேசையில் இருக்கும் எட்டுப் பேரோடு இல்லை, ஒரே ஒருவரோடு.

அடிபட்ட உடனே செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடுத்த கையை ஆடாதீர்கள். எழுந்து போங்கள். கேஷ் ஆட்டத்தில் சிப்பை மேசையிலேயே விட்டுவிட்டு ஒரு சுற்று வெளியே போய்வர எந்தக் கார்டு ரூமிலும் தடை இருக்காது, விட்டுப்போன பிளைண்டுக்கு டீலர் ஒரு பட்டனை வைப்பார், திரும்ப வந்ததும் 1/2 மேசையில் இரண்டு பிளைண்டுக்கும் சேர்த்து 3 டாலரைக் கட்டினால் போதும். 200 டாலரைக் காப்பாற்ற 3 டாலர் என்பது மலிவு. முகம் கழுவுங்கள், மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள், ஐந்தாறு முறை போதும். போனை எடுத்து யாருக்கும் அந்தக் கையைச் சொல்லாதீர்கள், சொல்லச் சொல்ல ஆத்திரம் புதிதாகத்தான் ஏறும். டோர்னமெண்ட்டில் இப்படி எழுந்து போனால் பிளைண்ட் தானாகக் கழியும் என்றாலும், நிறைய சிப் வைத்திருக்கும்போது ஒரு சுற்றை விடுவது பெரிய நஷ்டமில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொரு கையிலும் சீட்டைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வியை மனதுக்குள் கேளுங்கள்: நான் எந்த இடத்தில் இருக்கிறேன், எனக்கு முன்னால் யார் என்ன செய்தார், நான் அடித்தால் எதை வைத்துக்கொண்டு அவர் கால் செய்வார்? பதில் கோர்வையாக வருகிறது என்றால் ஆடலாம். மூன்றாவது கேள்விக்கு "தெரியல, ஆனா அடிக்கணும்" என்று பதில் வந்தால் கோபம் இன்னும் இறங்கவில்லை.

எதிராளியைத் திட்டாதீர்கள், "அதை வைத்து எப்படிக் கால் பண்ணினே" என்று பாடம் நடத்தாதீர்கள். 11 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு 200 டாலரை உள்ளே தள்ளுகிறவர்தான் இந்த ஆட்டத்தில் உங்களுக்கு வருமானம், அவரைச் சங்கடப்படுத்தினால் ஒன்று எழுந்து போவார், இல்லாவிட்டால் ஒழுங்காக ஆடக் கற்றுக்கொள்வார். இந்த இடத்தில் பலரும் அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் ஹெல்முத்தைக் காட்டிக் கேட்பார்கள்: மேசையில் கத்துவதற்கே பேர் போன அவர் 2023-இல் 17-ஆவது வேர்ல்ட் சீரிஸ் பிரேஸ்லெட்டை (போட்டியில் ஜெயித்தவருக்குத் தரும் கைக்காப்பு) ஜெயித்தாரே, வேறு யாரிடமும் அத்தனை இல்லையே? இல்லைதான். ஆனால் அவர் ஜெயித்தது கத்தியதால் இல்லை, அத்தனை வருடம் பொறுமையாகச் சீட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்ததால். அதைப் பார்த்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பொறுமையை.

மறுநாள் காலையில்

அன்றிரவே கைகளை அலசாதீர்கள், தூக்கம்தான் கெடும். காலையில் ஒரு நோட்டை எடுத்து முந்தின நாளின் பெரிய பாட் ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: இடம், சீட்டு, ஒவ்வொரு தெருவிலும் (ஃப்ளாப், டர்ன், ரிவர் ஒவ்வொன்றிலும்) யார் எவ்வளவு போட்டார்கள், பணம் உள்ளே போன நேரத்தில் யார் முன்னால் இருந்தார். பக்கத்தில் "சீட்டு" அல்லது "நான்" என்று ஒரு சொல். உங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்த கைகளையும் கட்டாயம் எழுதுங்கள், இல்லாவிட்டால் நோட்டு முழுக்க ஒப்பாரியாகத்தான் இருக்கும்.

சந்தேகமான கையை உங்களைவிட நன்றாக ஆடும் ஒருவரிடம் கேளுங்கள், ஆனால் முடிவைச் சொல்லாதீர்கள். "டர்னில் இப்படித் தள்ளினார், நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்பதோடு நிறுத்துங்கள். ரிவரில் குயின் விழுந்ததைச் சொன்னால் உங்களுக்கு ஆறுதல்தான் கிடைக்கும், பதில் கிடைக்காது.

இணையத்தில் சட்டப்படி ஆடும் ஊரில் இருப்பவர்களுக்குப் போக்கர்டிராக்கர், ஹோல்டெம் மேனேஜர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆல்-இன் ஆன, அதாவது முழுப் பணமும் உள்ளே போன, நேரத்து வாய்ப்பை வைத்து உங்களுக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய தொகையை அவை தனிக் கோடாகக் காட்டும். பயனுள்ள கோடு, ஆனால் முழு உண்மையையும் அது சொல்லாது. கிங் ஜோடி வைத்திருக்கும்போது எதிரில் ஏஸ் ஜோடி வந்த துரதிர்ஷ்டம் அதில் தெரியாது, வாரம் முழுக்க ஒரு நல்ல ஃப்ளாப்பும் பொருந்தாமல் போனதும் தெரியாது.

இப்படி எழுதிக்கொண்டே வந்தால் நோட்டில் பெரும்பாலும் "சீட்டு" என்றே இருக்கலாம், சந்தோஷம், அதே மாதிரி தொடருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்படி இருப்பதில்லை. ரிவரில் "எதற்கும் பார்த்துவிடலாம்" என்று செய்த கால்கள், பிளைண்டிலிருந்து சுமாரான சீட்டோடு உள்ளே போனது, இப்படிச் சின்னச் சின்னக் கசிவுகள் பெரிய பேட் பீட்டுக்கு (முன்னால் இருந்தும் சீட்டால் தோற்ற கைக்கு) பின்னால் ஒளிந்திருக்கும். அது தெரிந்தால் வருத்தப்பட வேண்டாம், சீட்டை மாற்ற முடியாது, இதை மாற்ற முடியும்.

எப்போது ஆட்டத்தையே நிறுத்த வேண்டும்

தோற்ற தொகையை வீட்டில் குறைத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்களா? கடன் வாங்கி பை-இன் கட்டினீர்களா? ஆடாத நாளில் எரிச்சலாக இருக்கிறதா? அப்படியானால் இது தோல்வித் தொடரைப் பற்றிய பிரச்சினை இல்லை, மேலே சொன்ன எந்த உத்தியும் இதற்குப் போதாது. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்தி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல, 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் மாநில அரசு குழு அமைக்கும் அளவுக்கு அது போனது. அவர்களில் யாரும் அந்த முடிவை நினைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்திருக்க மாட்டார்கள். இந்தியாவில் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பிரிட்டனில் சுயதடைச் சேவையான கேம்ஸ்டாப்பில் பதிவுசெய்துகொண்டால் உரிமம் பெற்ற இணையச் சூதாட்டத் தளங்கள் எல்லாம் ஆறு மாதம், ஒரு வருடம் அல்லது ஐந்து வருடத்துக்கு உங்களை உள்ளே விடாது. சிங்கப்பூரிலும் கேசினோவுக்குள் நுழையாமல் தன்னைத்தானே தடைசெய்துகொள்ள ஏற்பாடு இருக்கிறது. வீட்டில் ஒருவரிடமாவது உண்மையான தொகையைச் சொல்லுங்கள், இன்றைக்கே.

திரும்பி வரும்போது

அந்த நிலை இல்லை, வெறும் சரிவுதான் என்றால், ஒரு வாரமாவது விட்டுவிட்டு ஒரு படி கீழே இருக்கும் மேசையில் ஆரம்பியுங்கள். 2/5 ஆடிக்கொண்டிருந்தவர் 1/2-க்கு வரலாம், 1/2 ஆடியவர் நண்பர்களோடு காசில்லாமல் ஆடலாம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, தொழிலாகவே ஆடுபவர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். முதல் சில அமர்வுகளில் எவ்வளவு ஜெயித்தோம் என்று பார்க்காதீர்கள், நோட்டில் "நான்" என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று மட்டும் எண்ணுங்கள். இரண்டு மணி நேரம் ஆனதும், ஜெயித்துக்கொண்டிருந்தாலும்கூட, எழுந்துவிடுங்கள். அந்த எண்ணிக்கை குறைந்து, ரிவரில் அடிபட்ட பிறகும் அடுத்த சுமாரான சீட்டைத் தயங்காமல் போட முடிகிறது என்று தெரிந்த பிறகு பழைய மேசைக்குப் போகலாம், அதற்குள் போக்கருக்கென்று ஒதுக்கிய பேங்க்ரோலில் 20 பை-இன் இருக்கிறதா என்று மட்டும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு.